பாப்பா கிறுக்கட்டும், நீ கையை எடு!

பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒத்த ரூம் வீட்டுல, சமையல், தண்ணிக் குடம், ஷிஃப்ட்டுன்னு ஓடுற தங்கச்சிக்குத்தான் இது. "பாப்பாவை எந்த டிராயிங் கிளாஸ்ல சேர்க்கலாம்க்கா?"ன்னு கேட்குறே. மூணு வயசுக்கு எதுக்கும்மா கிளாஸ்? தினம் கால் மணி நேரமும் பழைய பேப்பரும் போதும்.

1. கையைப் பிடிச்சு வரையாதே. ஒன்றரை வயசுல சும்மா கிறுக்கும். மூணு வயசு வாக்குல வட்டத்தை மூடும். அப்புறம் அந்த வட்டத்துலேர்ந்தே கை கால் முளைச்ச மனுஷன் வருவான். "உடம்பு எங்கேடி?"ன்னு சிரிக்காதே, பெரும்பாலான பிள்ளைங்க அப்படித்தான் ஆரம்பிக்குதுங்க. நீ அழகா போட்டுக் காட்டினா, நாளைக்கு "எனக்கு வராதும்மா, நீயே போடு"ன்னு பென்சிலை உன்கிட்டயே நீட்டும்.

2. "இது என்ன?"ன்னு குடையாதே. நம்ம பக்கத்துப் பிள்ளைங்களுக்கு ரயில்னா உசுரு. சென்ட்ரலுக்குப் போற வண்டி நம்ம பாலத்தைத் தாண்டித்தானே போகுது! கட்டம் கட்டமா பெட்டி போட்டு, பேப்பர் தீர்ந்து தரைக்கும் இறங்கிடும். இறங்கட்டும். சாக்பீஸ் கொடு, ஈரத்துணியில துடைச்சா போச்சு. சக்கரம் கோணலா இருக்குன்னு திருத்தாதே. "வண்டியில யார் யார் போறாங்க?"ன்னு கேளு. ஆயா, பூனை, பக்கத்து வீட்டு அண்ணன்னு அது அடுக்கிக்கிட்டே போகும். பேச்சு வளர்றது அங்கதான்.

3. காசைக் கொட்டாதே. பெரிய ஸ்கெட்ச் செட், கலரிங் புக் ரெண்டும் இப்போ வேண்டாம். கோட்டுக்குள்ளயே அடிக்கணும்னா பிள்ளைக்குப் பயம்தான் வரும். கிரேயானைச் சின்னத் துண்டா உடைச்சுக் கொடு. அப்பத்தான் முஷ்டியில பிடிக்காம விரல் நுனியில பிடிக்கும். பழைய கல்யாணப் பத்திரிகையோட பின்பக்கம், மஞ்சள் தண்ணி, பீட்ரூட் சாறு, வெட்டின வெண்டைக்காய்க் காம்பு இருந்தா பூ பூவா அச்சு குத்தலாம்.

4. மாவு பிசைய விடு. ரெண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணி. உருட்டி, தட்டி, கிள்ளுற விரலுக்குத்தான் பின்னாடி எழுதத் தெம்பு வரும். உப்பு ஜாஸ்தி, அதனால எதையும் வாயில போடுற வயசுப் பிள்ளைக்கு இது ஆகாது. பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்து மண்ணை மட்டும் தொடவே விடாதே. சாக்கடை கலக்குற இடம்.

5. தட்டைத் தட்டினா அதட்டாதே. கானா பொறந்த ஏரியாவுல இருந்துக்கிட்டு தாளத்துக்குக் கோபமா? காலி டப்பாவைக் கவுத்துக் கொடு. "வேகமா, மெதுவா, நிறுத்து!"ன்னு சொல்லி விளையாடு. நிறுத்தப் பழகுற பிள்ளை பொறுமையும் பழகும். செல்போன்ல ரைம்ஸ் போட்டுட்டுப் போனா, வாயைத் திறக்காம பார்த்துக்கிட்டேதான் உட்கார்ந்திருக்கும்.

6. நேரமே இல்லையா? ரெண்டு வயசு முடிஞ்சிருந்தாலே போதும், அங்கன்வாடிக்கு அனுப்பு. அங்க சத்துமாவும் சோறும் மட்டும்னு நினைக்காதே. "ஆடிப்பாடி விளையாடு பாப்பா"ன்னு பாடத்திட்டமே இருக்கு. "இன்னும் ஏ பி சி டி எழுத வைக்கலையா?"ன்னு டீச்சரை நச்சரிக்காதே. 1939-ல நெதர்லாந்துலேர்ந்து நம்ம அடையாறுக்கு வந்து ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி அம்மாவும், பிள்ளை கையால செஞ்சுதான் கத்துக்கும்னு சொன்னவங்க.

7. எல்லாப் படத்தையும் சேர்த்து வைக்காதே, இடம் இல்லை. வாரத்துக்கு ஒண்ணு, அதுவும் பாப்பாவே எடுத்துக் கொடுக்கறது. பின்னாடி தேதி எழுதி அரிசி டப்பா மேல வை. மிச்சத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போடு, ஆனா பாப்பா தூங்கின அப்புறமா.