வலைப்பக்கச் செய்தி திரட்டும் கருவிகள்: ஓர் ஒப்பீடு



அறிவியல் பயில்வோர்க்கு முதற்பாடம் அளத்தல். இரண்டாம் பாடம், அளந்ததைப் பிழையின்றிக் குறித்து வைத்தல். இந்நாளில் மழையளவும் அணை நீர்மட்டமும் சந்தை விலையும் வலைப்பக்கங்களிலேயே வெளியாகின்றன. அவற்றை நாள்தோறும் கையால் எழுதிச் சேர்ப்பது பெரும்பாடு. ஆகவே, மனிதரைப் போல உலாவியைத் திறந்து, பொத்தானை அழுத்தி, செய்தியைப் படித்துத் தரும் கருவிகள் தோன்றியுள்ளன. அவற்றுள் செலினியம், பப்பெட்டியர், பிளேரைட் என்னும் மூன்றையும் ஒப்பிட்டுக் காண்போம்.

எடுத்துக்கொண்ட பொருள்

நான் வெள்ளறடையைச் சேர்ந்தவன். அது கேரளத்தின் தென் எல்லையில் உள்ள ஊர். அடுத்துள்ள பனச்சமூட்டுச் சந்தையில் தமிழும் மலையாளமும் கலந்தே விலை பேசப்படும். எங்கள் பக்கத்து ஆறு நெய்யாறு. அகத்தியமலைத் தொடரில் தோன்றிப் பூவாறு அருகே கடலில் கலக்கின்றது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறியபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தோடும், நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் சேர்ந்தன. 1958-இல் நெய்யாறு அணை எழுந்தது. இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டு வயல்களுக்குப் பாய்ந்த நீர் 2004-இல் நின்றது. 2012-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது.

அவ்வழக்கின் நியாயத்தைப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால், இத்தகைய ஆற்றின் நீர்மட்டத்தை ஆராயும் மாணவன் பிழையான எண்ணைத் திரட்டினால் யாது விளையும்? இருபுறத்து உழவரும் அவன் அட்டவணையை நம்பமாட்டார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது பழமொழி. ஆற்றையே அளப்பவன் எத்துணை விழிப்பாயிருக்க வேண்டும்!

உலாவி தேவைதானா?

கருவியைத் தேடுமுன் பக்கத்தை ஆராய்க. எண்கள் பக்கத்தின் மூல எழுத்திலேயே இருந்தால் உலாவி வேண்டியதில்லை. பைத்தானின் சிறு நிரல் ஒன்று போதும். மாவட்டத்தையும் தேதியையும் தேர்ந்தபின் எண்கள் தோன்றுமாயின், உலாவியின் உருவாக்குநர் பகுதியில் வலையமைப்புப் பட்டியலைத் திறந்து பார்க்கவும். பல வேளைகளில் அந்த எண்கள் ஜேசன் வடிவில் தனியே வந்து சேர்வதைக் காணலாம். அதை நேரே கேட்டுப் பெறுவது விரைவானது. வழங்கும் கணிப்பொறிக்கும் சுமை குறைவு. இவ்வழிகள் அடைபட்டபோதே உலாவியை இயக்கும் கருவி தேவையாகும்.

மூன்று கருவிகள்

செலினியம் மூவருள் மூத்தது. 2004-இல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பார் தொடங்கினார். மெர்க்குரி என்ற போட்டி நிறுவனத்தைக் கேலி செய்ய, பாதரச நஞ்சுக்குச் செலினியம் மாற்று என்ற கருத்தை வைத்து இப்பெயர் சூட்டப்பட்டதாம். ஜாவா, பைத்தான், ரூபி, சி ஷார்ப் முதலிய பல மொழிகளிலும் இதனை இயக்கலாம். நமது கட்டளை இடையிலுள்ள ஓர் ஓட்டி வழியாக உலாவிக்குச் செல்கின்றது. அம்முறை 2018-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது.

பப்பெட்டியர் 2017-இல் கூகுள் குரோம் குழுவினரிடமிருந்து வந்தது. பெயரின் பொருள் பொம்மலாட்டக்காரர். இடையில் ஓட்டியின்றிக் குரோமுடன் நேரே பேசுவதால் விரைவு மிகுதி. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் அறிந்தவர்க்கே இது உரியது.

பிளேரைட் 2020-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்டது. முன்பு பப்பெட்டியரில் உழைத்தவர் சிலர் இதனை ஆக்கினர். குரோமியம், பயர்பாக்ஸ், வெப்கிட் ஆகிய மூவகை உலாவிகளையும் ஒரே நிரலால் இயக்கும். ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், ஜாவா, டாட்நெட் ஆகியவற்றில் எழுதலாம்.

காத்திருத்தலே உரைகல்

விரைவையும் மொழியையும் விட முக்கியமானது ஒன்றுண்டு. அதுவே காத்திருக்கும் முறை. பக்கம் திறந்துவிட்டது, அட்டவணையின் சட்டமும் வந்துவிட்டது, எண்கள் இன்னும் வரவில்லை. அந்தக் கணத்தில் கருவி படித்தால் கிடைப்பது வெறுமை.

செலினியத்தில் ஒரே ஓர் உறுப்பைத் தேடினால், அஃது இல்லாதபோது பிழைச்செய்தி வரும். பல உறுப்புகளை ஒருங்கே தேடினாலோ வெற்றுப் பட்டியல் அமைதியாக வந்து சேரும். ஆகவே, இன்னது தோன்றும்வரை காத்திரு என்று நாமே எழுத வேண்டும். பப்பெட்டியரிலும் அவ்வாறு காக்கச் சொல்லும் கட்டளை தனியே உண்டு. பிளேரைட்டோ, பொத்தானை அழுத்துமுன் அது கண்ணுக்குத் தெரிகின்றதா, அசையாமல் நிற்கின்றதா என்று தானே பார்த்துக் காத்திருக்கும். ஆயினும் எல்லா வரிசைகளையும் ஒருசேரக் கேட்கும்போது அதுவும் காத்திராது. வெற்றுப் பட்டியலையே தரும். ஆகவே எக்கருவியிலும் முதல் வரிசையில் எண் தோன்றியதை உறுதி செய்தபின்னரே படிக்க வேண்டும்.

ஐந்து நொடி உறங்கு என்று எழுதிவிடுவது சிலர் வழக்கம். விடுதியில் இணைப்பு மந்தமான மாலையில் அந்த ஐந்து நொடி போதாது. வெற்றிடம் வந்தால் அதை 0 என்று குறிக்கலாகாது. நீர்மட்டம் 0 என்பது வேறு, செய்தி கிடைக்கவில்லை என்பது வேறு. எண்ணோடு திரட்டிய நேரத்தையும், படித்த பக்கத்தின் படியையும் சேமித்து வைத்தால் பின்னர் ஐயம் தீர்க்கலாம்.

எதைத் தேர்வது?

புதிதாகத் தொடங்கும் மாணவர்க்குப் பைத்தானும் பிளேரைட்டும் ஏற்றவை என்பது என் கருத்து. ஆய்வுக்கூடத்தில் முன்பே செலினிய நிரல்கள் இருப்பின் அவற்றைக் கைவிட வேண்டியதில்லை. காத்திருக்கும் வரிகளைச் செம்மை செய்தால் போதும். ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றே அறிந்து, குரோம் ஒன்றே வேண்டுவோர்க்குப் பப்பெட்டியர் நன்று.

எக்கருவியாயினும் நெறி ஒன்றே. தளத்தின் ரோபாட்ஸ் கோப்பையும் விதிகளையும் முதலில் படிக்கவும். ஒரு கேட்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விடவும். மனிதரா என்று சோதிக்கும் தடையை உடைத்து நுழைவது முறையன்று. உரிய அலுவலரிடம் எழுதிக் கேட்பதே முறை. தனியார் விவரங்களைத் தொடாதீர்கள்.

நண்பர்களே! ஆற்றின் இருகரையிலும் வாழ்வோர் எடுத்துப் பார்த்து, இது சரியான கணக்கு என்று ஒருசேரச் சொல்லும் அட்டவணை ஒன்றையேனும் நம் ஒவ்வொருவரும் ஆக்கித் தருவோமாக!