மண்ணோடு போகும் களை

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். உன் நர்சரியின் பெகோனியா தொட்டிகளில் இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கிறதே, அதை அழகுக்காக விட்டுவைக்காதே. ஆக்ஸாலிஸ் லாட்டிஃபோலியா என்று பெயர். மெக்சிகோ பக்கத்துச் செடி. இன்று நீலகிரியில் தேயிலைத் தோட்டத்திலும் உருளைக்கிழங்கு வயலிலும் பெருந்தொல்லை.

நம் புளியாரைக்கு உறவுதான். ஆனால் புளியாரைக்குப் பூ மஞ்சள், தண்டு தரையில் படரும், முற்றிய காய் தொட்டால் வெடித்து விதை சிதறும். இதற்கோ மண்ணுக்கு மேலே தண்டே கிடையாது. இலைக்காம்பு நேராக மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும். நுனியில் மூன்று சிற்றிலைகள், ஒவ்வொன்றும் மீன் வால் மாதிரி அகலமாகப் பிளந்திருக்கும், இருட்டினால் மடிந்துகொள்ளும்.

விஷயமெல்லாம் மண்ணுக்குள். ஒரு தொட்டியைப் பழைய பேப்பரில் கவிழ்த்து, மண்ணை மெல்ல உதிர்த்துப் பார். பழுப்புத் தோலோடு ஒரு தாய்க்குமிழ் இருக்கும். அதிலிருந்து வெள்ளை இழைகள் ஓடும். இழை நுனிதோறும் ஒரு குட்டிக் குமிழ். இலையைப் பிடித்து இழுத்தால் காம்பு அறுந்து கையோடு வரும். பலமாக இழுத்தால் தாய் வரும், குட்டிகள் கழன்று மண்ணிலேயே தங்கிவிடும். ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் ஏழெட்டு முளைப்பது இதனால்தான்.

ஆகவே இரண்டு மூன்று இலை விட்டிருக்கும்போதே, குட்டி வைக்கும் முன், சிறு முள்கரண்டியால் மண்ணோடு தோண்டி எடு. பூத்தபின் எடுப்பது பாதி வேலைதான். எடுத்ததை எருக்குழியில் போடாதே, காயவைத்து எரித்துவிடு. களைக்கொல்லியை எனக்குப் பிடிக்காது என்பது ஒருபுறம் இருக்கட்டும். கிளைபோசேட் அடித்தால் இலை காயும், குமிழ்களில் பல பிழைத்துத் துளிர்க்கும், தொட்டியிலிருக்கும் பெகோனியாவும் போய்விடும்.

பழைய தொட்டி மண்ணைப் புதுக் கலவையில் கொட்டுகிறார்களே, அதை முதலில் நிறுத்து. மிச்சம் பிடிக்கப் போய் நர்சரி முழுக்கக் களையை நடுவதுதான் அது. சமவெளியில் என்றால் கோடையில் மண்ணை நனைத்து, நிறமில்லாத பாலிதீன் தாளால் மூடி, 4 முதல் 6 வாரம் வெயிலில் வேகவிடலாம். உன் குன்னூர் வெயிலில் மண்ணுக்கு அந்தச் சூடு கிடைக்காது. டிரம்மில் ஆவி விட்டு, மண் முழுதும் 80 டிகிரி ஏறியபின் அரை மணி நேரம் வைத்திரு. தொட்டிகளை வெறுந்தரையில் வைக்காமல் களைத்தடுப்பு விரிப்பின் மேல் அடுக்கு.

வெளியிலிருந்து வாங்கும் செடிகளைத் தனியாக ஒரு மாதம் வைத்துப் பார். விற்கப் போகும் பெகோனியாவில் இது இருந்தால் வேரை அலசிப் புது மண்ணில் மாற்று. செலவு கூடும்தான், விலையில் ஐந்து ரூபாய் ஏற்றிக்கொள்.

அன்புடன்,
மாமா