டேப்பைக் கொடுத்தால் பிள்ளை தானே படித்துவிடுமா?

காளிக்குப்பம் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆசிரியர் பயிற்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா, டேப் விற்க வருகிறவரின் பேச்சு என்று எங்கே போனாலும் அது வந்துவிடுகிறது. ஆங்கிலம் தெரியாத தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகள். மரத்தடியில் ஒரு கணினி. சொல்லித்தர ஆளில்லை. சில மாதங்களில் டி.என்.ஏ. தன்னைத்தானே எப்படிப் பிரதி எடுக்கிறது என்பதை அவர்களே படித்துத் தெரிந்துகொண்டார்களாம். கதை முடிந்ததும் முடிவுரை: "கருவியைக் கையில் கொடுத்தால் போதும். பிள்ளைகள் தானாகப் படித்துக்கொள்வார்கள். நடுவில் வாத்தியார் எதற்கு?"

கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வெறும் மேடைப் பேச்சாக நின்றிருந்தால் விட்டுவிடலாம். ஓர் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் மாறுதலாகிப் போய்விட்டார். அந்த இடத்தை நிரப்பித் தாருங்கள் என்று கேட்கப் போன பெற்றோருக்கு, "அதான் ஸ்மார்ட் போர்டு வந்துருச்சேம்மா" என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். நம்பிக்கை இந்த அளவுக்குப் போனபிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

சரி, காளிக்குப்பத்தில் உண்மையில் நடந்தது என்ன?

1999இல் டில்லியின் கால்காஜி பகுதியில், என்.ஐ.ஐ.டி. நிறுவனத்தில் இருந்த சுகதா மித்ரா, அலுவலகச் சுவரில் துளையிட்டு ஒரு கணினியைப் பொருத்தினார். அந்தப் பக்கம் குடிசைப் பகுதி. பிள்ளைகள் கூடினார்கள், நோண்டினார்கள், இயக்கக் கற்றுக்கொண்டார்கள். 'சுவரில் ஒரு துளை' உலகப் புகழ் பெற்றது. 2013இல் டெட் பரிசாகப் பத்து லட்சம் டாலரும் கிடைத்தது. காளிக்குப்பம் அந்த வரிசையில் ஒரு சோதனை. அதன் ஆய்வுக் கட்டுரை 2010இல் வெளியானது. ஆள் துணையில்லாத கற்றல் எந்த எல்லை வரை போகும் என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனையின் நோக்கமே. மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

எல்லை வந்தது. கணினி மட்டும் இருந்தபோது பிள்ளைகளின் மதிப்பெண் முப்பது விழுக்காட்டை ஒட்டி நின்றது. நம் ஊரில் தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். மித்ராவும் அதைத் தோல்வி என்றுதான் சொன்னார். பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு ஓர் ஆளைத் துணையாக வைத்தார். தொண்டு நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இளம்பெண். உயிரியல் தெரியாதவர். பின்னால் நின்று, "அட! எப்படிச் செஞ்சே? அடுத்து என்ன வருது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது மட்டும்தான் அவருடைய வேலை. மதிப்பெண் ஐம்பதுக்கு ஏறியது. டில்லித் தனியார் பள்ளி மாணவர்களுக்குச் சமமாக வந்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது அந்தப் பெண் வந்த பிறகு நடந்தது. அவரைத் தூக்கிவிட்டுக் கணினியை மட்டும் வைத்துக் கதை சொல்வது பொய் சொல்வதற்குச் சமம்.

இன்னொன்று. அந்தப் பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியவர்கள். கூட்டம் கூடி, ஒருவரை ஒருவர் கேட்டுக் கற்கும் வயது. நம் பேச்சோ ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு பற்றியது. 'கொக்கு' என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கொம்பு எது, கால் எது என்று தடுமாறுகிற பிள்ளையைக் கணினிக்கு முன் தனியாக உட்காரவைத்தால் அது என்ன செய்யும்? படத்தைத் தொடும். பாட்டு வந்தால் ஆடும். எழுத்து அங்கேயே நிற்கும்.

அந்தச் சுவர்க் கணினிகள் பிறகு என்ன ஆயின என்று தேடிப் போனவர்களும் இருக்கிறார்கள். ஆய்வாளர் மார்க் வார்ஷவர் டில்லியில் பார்த்தபோது இணைய இணைப்பு பெரும்பாலும் வேலை செய்யவில்லை. இந்தியில் உள்ளடக்கம் இல்லை. பிள்ளைகள் படம் வரைந்துகொண்டும் விளையாடிக்கொண்டும் இருந்தார்கள். உத்தராகண்டின் அல்மோராவுக்கும் ஹவால்பாகுக்கும் இன்னோர் ஆய்வாளர் பாயல் அரோரா போனபோது அங்கிருந்த சுவர்க் கணினிகள் கைவிடப்பட்டுக் கிடந்தன. 2010இல் எழுதியிருக்கிறார்.

இதே நம்பிக்கைக்குப் பெரு நாடு கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன். 'பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்று நிக்கலஸ் நெக்ரோபான்டே 2005இல் தொடங்கிய இயக்கத்தை நம்பி, அந்த நாடு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கிக் கொடுத்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் 319ஐ எடுத்து, அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். 2012இல் முடிவு வந்தது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் இல்லை. புதிர் போன்ற சில பொதுச் சிந்தனைத் தேர்வுகளில் கொஞ்சம் ஏற்றம் இருந்தது, அவ்வளவுதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு விவரம். ஒவ்வொரு கணினியிலும் சுமார் 200 புத்தகங்களை ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். பெரும்பாலான வீடுகளில் ஐந்து புத்தகத்துக்கு மேல் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு நூலகமே போனது. ஆனாலும் வாசிக்கும் பழக்கம் கூடவில்லை. கூட உட்கார்ந்து ஒரு பக்கம் படித்துக் காட்ட யாரும் இல்லாத இடத்தில் 200 புத்தகம் இருந்தால் என்ன, 2000 இருந்தால் என்ன?

"அப்படியானால் கணினியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று உடனே கோபித்துக்கொள்கிறார்கள். இல்லை. வதோதராவில் என்ன நடந்தது என்று பாருங்கள். மாநகராட்சிப் பள்ளிகளின் நான்காம் வகுப்பில் பிரதம் அமைப்பு கணக்கு விளையாட்டு மென்பொருளைக் கொண்டுவந்தது. வாரத்துக்கு 2 மணி நேரம். ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள். பார்த்துக்கொள்ள ஒருவர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இது. கணக்கில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது.

அந்தக் குழுவில் இருந்த லீ லிண்டன், அதே குஜராத்தில் ஞான்சாலா என்ற அமைப்பின் பள்ளிகளில் ஒரே மென்பொருளை இரண்டு விதமாகப் பயன்படுத்திப் பார்த்தார். இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். ஓரிடத்தில் பாட நேரத்தைக் குறைத்து அந்த நேரத்தில் கணினி. இன்னோரிடத்தில் பாடம் முழுவதும் நடந்த பிறகு கூடுதலாகக் கணினி. கூடுதலாகக் கிடைத்த பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆசிரியரின் நேரத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுத்த இடத்தில் பிள்ளைகள் கற்பது குறைந்தது. சும்மா நின்றுகூடப் போகவில்லை, குறைந்தது. அந்த ஆசிரியர்கள் நன்றாகப் பாடம் நடத்துகிறவர்கள் என்பதால் இழப்பும் பெரிதாக இருந்தது. ஆசிரியர் இடத்தில் ஸ்மார்ட் போர்டை நிறுத்தலாம் என்று நினைக்கிற ஒவ்வொருவரும் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் மாநிலத்துக் கணக்கே கையில் இருக்கிறது. பெருந்தொற்றில் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை மூடிக் கிடந்தன. கல்வித் தொலைக்காட்சி ஓடியது; வாட்ஸ்அப் குழுக்கள் இருந்தன; பாடப்புத்தகத்தில் கியூ.ஆர். கோடு அச்சாகியிருந்தது. ஆனாலும் பிள்ளைகள் கணக்கிலும் தமிழிலும் வெகுவாகப் பின்தங்கியதைப் பொருளியல் ஆய்வாளர் கார்த்திக் முரளிதரன் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துக் காட்டினார்கள். பள்ளி திறந்த சில மாதங்களில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்குக்குக் காரணம் அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம். கோயில் திண்ணையிலும் வீட்டு வாசலிலும் மாலை நேரத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த அக்காக்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. இந்தக் கதையை எந்த டேப் விற்பனையாளரும் மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏன் ஆள் வேண்டும்? எழுத்தறிவுப் பயிற்சியில் ஆசிரியர்களோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு வேண்டியது, அது வாசிப்பதைக் கேட்கும் காது. 'கெடு' என்பதைப் பிள்ளை 'கேடு' என்று வாசிக்கிறது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்புகிறதா, கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லையா, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறதா? மூன்றும் வேறு வேறு கோளாறு. மூன்றுக்கும் வேறு வேறு வைத்தியம். பக்கத்தில் இருக்கும் ஆசிரியை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் செயலிகள் தமிழிலும் வந்துவிட்டன, பயிற்சிக்கு நல்லவை. ஆனால் படித்த வரியைப் பற்றி, "நீ அந்த ஆட்டுக்குட்டியா இருந்தா என்ன செஞ்சிருப்பே?" என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கேட்க ஆள்தான் வேண்டும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

'இந்தக் காலத்துப் பிள்ளைகள் பிறக்கும்போதே செல்போன் தெரிந்து பிறக்கிறார்கள்.' தள்ளத் தெரியும், தொடத் தெரியும். அது படிப்பல்ல. ஊரகப் பிள்ளைகளில் 14 முதல் 16 வயதுள்ளவர்களிடம் 2024ஆம் ஆண்டு அசர் என்ற கல்விநிலைக் கணக்கெடுப்பு கேட்டபோது, முந்தைய வாரத்தில் சமூக ஊடகத்துக்குக் கைப்பேசியைத் தொட்டவர்கள் 76 விழுக்காடு, கல்விக்காகத் தொட்டவர்கள் 57 விழுக்காடு. பெரிய பிள்ளைகளே அப்படி.

'ஸ்வீடனே திரையைத் தூக்கி எறிந்துவிட்டது.' எறியவில்லை. 2023இல் அந்த அரசு அச்சுப் புத்தகங்களுக்குப் பணம் ஒதுக்கியது. மழலையர் பள்ளிகளில் டிஜிட்டல் கருவி கட்டாயம் என்பதைக் கைவிட்டது. பெரிய வகுப்புகளில் கணினி இருக்கிறது. ஸ்வீடனைக் காட்டி நம் பள்ளியில் இருக்கும் ஒரே புரொஜக்டரைப் பூட்டிவைக்காதீர்கள்.

'திரையைப் பார்த்தாலே பிள்ளைக்குக் கெடுதல்.' உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன வரம்பு ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. வகுப்பு முழுவதும் ஒன்றாகப் பார்க்கும் பத்து நிமிடப் பாடத்தையும், இரவில் போர்வைக்குள் பார்க்கும் ரீல்ஸையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம்.

'ஒரு பிள்ளைக்கு ஒரு டேப் இருந்தால்தான் பயன்.' வதோதராவில் இருவருக்கு ஒன்று. தீர்ந்தது.

இப்போது 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறை. ஆசிரியர் கையில் டேப். வந்த கருவியை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த டேப்பில் ஆசிரியர் எத்தனை நேரம் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தின் பதிவும் படிவமும் நிரப்புகிறார், எத்தனை நேரம் பிள்ளை வாசிப்பதைப் பதிவு செய்து மூன்று மாதம் கழித்துப் போட்டுக் கேட்கிறார் என்பதே என் கேள்வி. 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாகப் பிள்ளைகளைப் பிரிக்கிறோம். அரும்பில் இருக்கும் நான்கு பிள்ளைகளோடு ஆசிரியர் தரையில் உட்காரும் அரைமணி நேரத்தில், மலரில் இருக்கும் பிள்ளைகள் திரையில் ஒரு கதையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கருவி ஆசிரியரின் கையை விடுவித்தால் அது உதவி. ஆசிரியரை வகுப்பிலிருந்து விடுவித்தால் அது கேடு.

புத்தகத்தையும் சொல்லாமல் விட முடியாது. வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சிறு புத்தகங்கள் போட்டார்கள். அருமையான வேலை. நான் போகும் பள்ளிகளில் பல இடத்தில் அவை பீரோவுக்குள் இருக்கின்றன. "கிழிச்சுடுவாங்க மேடம்" என்கிறார்கள். கிழியட்டும்! கிழிந்த புத்தகம் யாரோ தொட்ட புத்தகம். ஸ்மார்ட் போர்டுக்கு ஆகும் செலவில் ஒரு துளியை ஒதுக்கினால், ஒன்றாம் வகுப்பு அறையில் ஒரு கயிறு கட்டி முப்பது கதைப் புத்தகத்தைத் தொங்கவிடலாம். வாங்கப் பணமில்லை என்றால் ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுத்துக்கொள்ளலாம், திரையிலும் காட்டலாம்.

தினமும் பதினைந்து நிமிடம் ஒரு கதையை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். படம் பிள்ளைகள் பக்கம் இருக்கட்டும். விரலை வரியின் கீழ் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். அடுத்த நாள் அதே கதையை மறுபடியும் வாசியுங்கள். இந்தத் தடவை பாதி வரியில் நிறுத்தி, மீதியைப் பிள்ளைகளைச் சொல்லவிடுங்கள். மூன்றாம் நாள் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கடைசி வரிசைக்கு எழுத்து தெரியவில்லையென்றால், அந்தப் பக்கத்தை டேப்பில் படம் எடுத்து ஸ்மார்ட் போர்டில் பெரிதாகக் காட்டுங்கள்.