நாகசுரத்திலிருந்து ஜாஸ் மேடைக்கு

நுழையும்முன்

அமராவதி ஆற்றங்கரையில் அமைந்த தாராபுரம் உள்ளிட்ட தமிழக ஊர்களின் திருமண விழாக்களில் நாகசுரம் தொன்றுதொட்டு ஒலித்து வருகிறது. இன்று சில மேடைகளில் சாக்சபோனும் மங்கல இசை பொழிகிறது. மேலைநாட்டுக் கருவியொன்று நம் இசைமரபில் இடம்பெறக் காரணமான கலைஞருள் தலையாயவர் கத்ரி கோபால்நாத்.

கருவியும் கலைஞரும்

பெல்ஜிய நாட்டு அடோல்ப் சாக்ஸ் உருவாக்கிய சாக்சபோன், 1846இல் காப்புரிமை பெற்றது. படைப்பிரிவு இசைக்குழுக்களில் பயன்பட்ட அக்கருவி, பின்னர் அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த ஜாஸ் இசையின் அடையாளமாயிற்று.

கருநாடக மாநிலத்தின் தென்கன்னடப் பகுதியில் 1949இல் பிறந்த கோபால்நாத், தந்தையிடம் நாகசுரம் பயின்றார். மைசூர் அரண்மனை இசைக்குழுவில் சாக்சபோனைக் கேட்டதும் அவர் உள்ளம் அதன்பால் ஈர்க்கப்பட்டது. பின்னர்ச் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயிற்சி பெற்றார்.

அப்பயிற்சி எளிதன்று. நாகசுரத்தின் திறந்த துளைகளில் விரலும் மூச்சும் இணைந்து சுரங்களை வளைத்துக் குழைக்கும். சாக்சபோனிலோ விசைகளே துளைகளை மூடித் திறக்கின்றன. எனவே, கமகங்களை வாசிப்பது அரிது. பல்லாண்டு உழைப்பால் கோபால்நாத் அத்தடையை வென்றார்.

இரு மரபுகளின் சந்திப்பு

1980இல் மும்பை ஜாஸ் விழாவில் அவர் வாசித்தபோது, அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் ஹேண்டி அவையில் அமர்ந்திருந்தார். அவ்விசையில் உள்ளம் பறிகொடுத்த அவர், தாமும் உடன் வாசிக்க விழைந்து மேடையேறினார். முன்னொத்திகை இன்றி இருவரும் இணைந்து இசைத்தது எவ்வாறு? ஜாஸ் கலைஞர் மேடையிலேயே புதிய இசையைப் புனைவார். நம் கலைஞரும் இராக ஆலாபனையிலும் கற்பனைச் சுரத்திலும் அதனையே செய்வார். இதனை மனோதர்மம் என்பர். இலக்கணம் கைவந்தவர்க்கே இவ்வுரிமை வாய்க்கும்.

1994இல் இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் கோபால்நாத் இசைத்தார். அதே ஆண்டு வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தின் வழி அவருடைய சாக்சபோன் தமிழர் இல்லந்தோறும் ஒலித்தது. 2004இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2019இல் மறைந்தார்.

பிறநாட்டுக் கருவியை ஏற்பதால் மரபு அழிவதில்லை. ஏற்பவரிடம் மரபறிவு இல்லாதபோதே அது நலிவுறும். கோபால்நாத்தின் வாழ்வு உணர்த்தும் உண்மை இதுவே.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரின் இசைக்கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் கலையைக் கற்ற முறையையும் முதன்முதலில் மேடையேறிய பட்டறிவையும் கேட்டறிந்து கட்டுரையாக்குக.