குடும்ப மருத்துவருக்கு நடத்தை அறிவியல்: கோலார் தங்கவயல் தரும் பாடம்

நோயுடன் நோயாளியின் வாழ்க்கைச் சூழலையும் அறிந்து சிகிச்சை அளிப்பதே குடும்ப மருத்துவத்தின் அடிப்படை. உடல், உள்ளம், சமூகம் ஆகிய மூன்றையும் இணைத்தே நோயைக் காண வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் 1977-ஆம் ஆண்டில் வலியுறுத்தினார். அவ்வாறு காண்பதற்கான திறன்களைக் கற்பிப்பதே நடத்தை அறிவியல் பயிற்சி. இதன் தேவையைக் கோலார் தங்கவயல் தெளிவாக உணர்த்துகிறது.

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குப் பணி தொடங்கியபின், தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் பெருமளவில் குடியேறின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தை எட்டியது. பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து தழும்பை உண்டாக்குவதே சிலிக்கோசிஸ் நோய். 1940-களில் இங்கு நடந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் பத்தில் நால்வருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நிறுவன மருத்துவமனையும் பின்னர் செயலிழந்தது. ஆனால், வேலையை விட்ட பிறகும் சிலிக்கோசிஸ் வளரக்கூடும். காசநோய் தொற்றும் வாய்ப்பையும் அது மிகுவிக்கிறது.

இருமலுடன் வரும் முதியவரிடம், 'முன்பு என்ன வேலை செய்தீர்கள்?' என்று கேளாத மருத்துவர் நோயின் மூலத்தைத் தவறவிடக்கூடும். நோயாளியின் தொழிலை விசாரிக்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700-ஆம் ஆண்டிலேயே எழுதினார். எனினும், கேள்வியை அறிவது வேறு. பதில் வரும்வகையில் கேட்பது வேறு. மருத்துவர் கன்னடமும் நோயாளி தமிழோ தெலுங்கோ பேசும் ஊரில், 'சரிங்க ஐயா' என்ற பணிவான பதிலைப் புரிதலின் அடையாளமாகக் கொள்ளலாகாது.

ஆகவே, பயிற்சி மருத்துவர் சில திறன்களைப் பழகுதல் வேண்டும். நோயாளி தம் குறையைச் சொல்லி முடிக்கும்வரை இடைமறியாதிருத்தல் முதலாவது. நோய்க்கு அவரே கருதும் காரணத்தைக் கேட்டறிதல் இரண்டாவது. கூறிய அறிவுரையை அவர் சொற்களிலேயே திருப்பிச் சொல்லச் செய்தல் மூன்றாவது. சிகிச்சையை அவரது அன்றாட வாழ்வுக்கு இசைவித்தல் நான்காவது. விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புபவர், பகலில் மட்டும் திறந்திருக்கும் மருந்தகத்திற்கு எவ்வாறு வருவார்? காசநோய்ச் சிகிச்சை பொதுவாக ஆறு மாதங்கள் நீடிப்பது. அதனை அவர் இடையில் நிறுத்தினால், அலட்சியம் என்று கடிந்துகொள்வதற்குமுன் காரணத்தை அறிதல் வேண்டும்.

இவை விரிவுரையால் மட்டும் வருவன அல்ல. மாணவர் நோயாளியுடன் உரையாடுவதை ஆசிரியர் உடனிருந்து கவனித்து, பின்னர் தனியே குறைநிறைகளை எடுத்துரைக்க வேண்டும். வீட்டிற்குச் சென்று குடும்பத்தாருடன் பேசுவதும் பாடத்தின் பகுதியாதல் வேண்டும். 2019 முதல் நம் நாட்டின் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறநெறி, கருத்துப் பரிமாற்றம் பற்றிய பகுதி இடம்பெற்றுள்ளது. தேசியத் தேர்வு வாரியம் மூன்றாண்டுக் குடும்ப மருத்துவப் பயிற்சியையும் நடத்துகிறது. அடித்தளம் உள்ளது, கவனித்துத் திருத்தும் ஆசிரியருக்கு உரிய நேரமே ஒதுக்கப்பட வேண்டும்.

பொருளியல் நோக்கிலும் இது வீண் செலவன்று. தொழிலைக் கேட்கச் சில நிமிடங்களே ஆகும். கேளாமையால் நேரும் தவறான சிகிச்சையின் சுமையோ, ஏற்கெனவே வேலையிழந்த குடும்பத்தின்மீது விழும். மருத்துவப் பயிற்சிக்கு நிதி ஒதுக்குவோர், கட்டடத்திற்கும் கருவிக்கும் அளிக்கும் இடத்தை இப்பயிற்சிக்கும் அளித்தல் வேண்டும்.