தவணைக் கணக்கும் கணனி மக்ரோவும்

எமது கிராமங்களில் சேமிப்புக் குழுக்களின் கணக்குகளைக் கணனியில் வைப்போர் பலர் எக்செல் விரிதாளையே பாவிக்கின்றனர். விரிதாளில் ஒரு முறை செய்த வேலையைப் பதிவு செய்து, வேண்டியபோது மீண்டும் செய்விக்கும் கட்டளைத் தொகுப்பே மக்ரோ எனப்படும். ஒரு வட்டி வீதத்துக்கும் ஒரு தவணைக் காலத்துக்கும் மட்டும் கணிக்கும் மக்ரோவை, நாம் குறிக்கும் எல்லைகளுக்குள் அடங்கும் எல்லாப் பெறுமதிகளுக்கும் கணிக்கும்படி மாற்றுவது எப்படி என்பதை இப்பாடத்தில் படிப்போம்.

பிரச்சினை

ஓர் உதாரணத்தை எடுப்போம். மகளிர் சேமிப்புக் குழு ஒன்றின் அங்கத்தவர் பசு வாங்குவதற்கு 60,000 ரூபா கடன் கேட்கிறார். மாதம் 4,000 ரூபா வரை அவரால் கட்ட முடியும். குறைந்து செல்லும் மீதியின் மீது மாதம் நூற்றுக்கு 2 வட்டி, 12 மாதத் தவணை என்பது குழுவின் விதி. மக்ரோவை ஓடவிட்டால் மாதத் தவணை 5,674 ரூபா என்று விடை வருகிறது. “இவருக்கு இயலாது” என்று விண்ணப்பம் மூடப்படுகிறது.

வட்டியைக் குறைத்தால் என்ன, காலத்தைக் கூட்டினால் என்ன என்று எவரேனும் கேட்டால், கணக்காளர் மக்ரோவைத் திறந்து இலக்கங்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். எதை மாற்றிப் பார்ப்பது என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். இவ்வாறு, கேள்வி கேட்கும் உரிமை கணனி தெரிந்த ஒருவரின் கைக்குப் போய்விடுகிறது.

முதற்படி: இலக்கங்களைத் தாளுக்குக் கொண்டு வருதல்

பி1 கலத்தில் கடன்தொகையும், பி2இல் மாத வட்டி வீதமும், பி3இல் மாதங்களின் எண்ணிக்கையும் இருக்கட்டும். பி4இல் பிஎம்டி என்னும் சார்பு தவணையைக் கணிக்கும். அதன் விடை கழித்தல் அடையாளத்துடன் வருமாதலால், முன்னால் ஒரு கழித்தல் குறியைச் சேர்த்துக்கொள்வோம்.

இனி டி நிரலில் வட்டியின் எல்லைகளை எழுதுவோம்: டி1இல் தொடக்கம் 10, டி2இல் முடிவு 20, டி3இல் படி 5. இவை ஆயிரத்துக்கான வீதங்கள். அதாவது நூற்றுக்கு 1, 1.5, 2. ஈ நிரலில் மாதங்களின் எல்லைகள்: ஈ1இல் 6, ஈ2இல் 24, ஈ3இல் 6.

வட்டியை ஏன் முழு எண்ணாக எழுதுகிறோம்? தசம எண்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது கணனியில் மிகச் சிறிய வழுக்கள் சேர்ந்து, சில வேளைகளில் இறுதிப் பெறுமதி விடுபட்டுவிடக்கூடும். முழு எண்ணில் எண்ணிப் பின்னர் 1,000ஆல் வகுத்தால் இத்தொல்லை இல்லை.

இரண்டாம் படி: சுற்றுக்குள் சுற்று

ஓல்ட் விசையையும் எஃப் 11ஐயும் ஒன்றாக அழுத்தினால் மக்ரோ எழுதும் பகுதி திறக்கும். அங்கு அமைய வேண்டிய ஒழுங்கைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். தட்டும்போது கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்திலும், கலங்களின் பெயர்களை ரேஞ்ச் என்ற சொல்லின் அடைப்புக்குள் மேற்கோள் குறியிட்டும் எழுத வேண்டும்.

நி = 2
ஃபோர் வ = டி1 டு டி2 ஸ்டெப் டி3
ஃபோர் மா = ஈ1 டு ஈ2 ஸ்டெப் ஈ3
பி2 = வ / 1000
பி3 = மா
ஜி நிரல், நிரை நி = பி2
எச் நிரல், நிரை நி = பி3
ஐ நிரல், நிரை நி = பி4
நி = நி + 1
நெக்ஸ்ட் மா
நெக்ஸ்ட் வ

வெளிச்சுற்று ஒரு வட்டி வீதத்தை எடுத்துக்கொண்டு நிற்கிறது. உட்சுற்று அந்த வீதத்துக்கு 6, 12, 18, 24 மாதங்களையும் ஒவ்வொன்றாகக் கணித்து முடிக்கிறது. அதன் பின்னரே வெளிச்சுற்று அடுத்த வீதத்துக்குச் செல்கிறது. மூன்று வீதங்கள், நான்கு காலங்கள்; ஆகவே 12 நிரைகளில் விடை கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை

1. நி = நி + 1 என்ற வரி விடுபட்டால், ஒவ்வொரு விடையும் முன்னையதன் மேலேயே எழுதப்பட்டுக் கடைசி விடை மட்டும் மிஞ்சும்.

2. பி4இன் பெறுமதியை மட்டும் ஐ நிரலுக்கு எடுக்க வேண்டும். சூத்திரத்தைப் பிரதி செய்தால் விடைகள் பிழைக்கும்.

3. டி3 அல்லது ஈ3 வெறுமையாக இருந்தால் படி 0 ஆகிவிடும். சுற்று முடியவே முடியாது. எஸ்கேப் விசையை அழுத்தி நிறுத்தலாம்.

4. மக்ரோ செய்த மாற்றத்தை மீளப்பெற முடியாது. எனவே கோப்பின் பிரதியொன்றை முதலில் சேமித்து வைக்கவும். புதிதாக ஓடவிடுமுன் பழைய விடைகளை அழிக்கவும்.

5. ஓடி முடிந்ததும் பி2, பி3 கலங்களில் கடைசிப் பெறுமதிகளே நிற்கும். குழுவின் விதிப்படியான இலக்கங்களை மறுபடியும் இட்டு வைக்க மறக்க வேண்டாம்.

அட்டவணை சொல்வது என்ன?

60,000 ரூபாவுக்கான மாதத் தவணைகளை முழு ரூபாவில் தருகிறோம். ஒவ்வொரு வரியிலும் முறையே நூற்றுக்கு 1, 1.5, 2 வட்டிக்குரியவை:

6 மாதம்: 10,353, 10,532, 10,712
12 மாதம்: 5,331, 5,501, 5,674
18 மாதம்: 3,659, 3,828, 4,002
24 மாதம்: 2,824; 2,995; 3,172

வட்டியைக் குறைப்பதா இல்லையா என்பதிலேயே குழுக்கள் பெரும்பாலும் வாதிடுகின்றன. 12 மாதத் தவணையில் வட்டியைப் பாதியாக்கினாலும் இப்பெண்ணுக்குக் குறைவது மாதம் 343 ரூபாதான். வட்டியே வாங்காவிட்டாலும் மாதம் 5,000 ரூபா கட்ட வேண்டும். அவரைத் தடுத்தது காலமே. 18 மாதமும் நூற்றுக்கு 1.5 வட்டியும் என்றால் 3,828 ரூபா; அவரால் இயலும். விதியிலுள்ள 2 வட்டியிலேயே 18 மாதம் கொடுத்தாலும் அவரது எல்லைக்கு மேலே 2 ரூபாதான் போகிறது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 12 மாதத்தில் 2 வட்டிக்கு மொத்த வட்டி 8,083 ரூபா. 18 மாதத்தில் அது 12,038 ரூபா. தவணை இலகுவாகும்போது மொத்தச் சுமை கூடுகிறது. நிதி திரும்பிவரத் தாமதிப்பதால் அடுத்துக் கடன் கேட்டு நிற்பவரும் காத்திருக்க வேண்டும். எது நீதி என்பதைக் கணனி சொல்லாது. அதைக் குழுவே கூடிக் கதைத்து முடிவெடுக்க வேண்டும்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி ஆண்டவர் லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் பேசுகிறார். ஏழையின் கடன் விண்ணப்பத்தை மறுக்கும் முன்னும் நாம் அவ்வாறே உட்கார வேண்டும். அட்டவணையை அச்சிட்டுக் கூட்டத்தின் நடுவில் வையுங்கள். அங்கத்தவர்கள் எல்லோரும் பார்க்கட்டும்.

பயிற்சி

1. கடன்தொகையையும் 40,000 முதல் 80,000 வரை 20,000 படியில் சுற்றவிட மூன்றாவது சுற்று ஒன்றை எங்கே சேர்ப்பீர்கள்? எத்தனை நிரைகள் வரும்?

2. உங்கள் குழு அண்மையில் மறுத்த கடன் விண்ணப்பம் ஒன்றை எடுத்து, எல்லைகளை மாற்றிக் கணித்துப் பாருங்கள். விடை மாறுகிறதா என்று குழுவில் கலந்துரையாடுங்கள்.