மச்சானின் கடனட்டை யார் தலையில்?

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று இலங்கை அரசாங்கம் அறிவித்த பிறகு, ‘வங்குரோத்து’ எல்லார் வாயிலும் புழங்குகிறது. ஆனால் கண்டி கொழும்பு வீதியிலோ கட்டுகஸ்தோட்டையிலோ ஒரு கடைக்காரர் நொடித்துப்போனால், சட்டத்துக்கு முந்திச் சொந்தக்காரர்களே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

நம்பிக்கை: அண்ணன் நொடித்தால் தம்பி கட்ட வேண்டும்.

இல்லை. தம்பி கையெழுத்து வைக்காத கடன் தம்பியுடையதல்ல.

நம்பிக்கை: மச்சான் எடுத்துத் தந்த துணை அட்டைதானே, பில் அவருக்குத்தான்.

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். துணை அட்டையில் செலவழித்ததற்கு முதன்மை அட்டைக்காரர் பொறுப்பு என்பது சரி. மறுபக்கம், அதாவது முதன்மை அட்டைக்காரரின் செலவுக்குத் துணை அட்டைக்காரர் பொறுப்பா என்பது, வங்கிக்கு வங்கி வேறுபடும். விண்ணப்பத்தில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்று இருந்து, நீங்களும் ஒப்பமிட்டிருந்தால், மச்சான் வாங்கிய குளிர்சாதனப் பெட்டிக்கும் சேர்த்து முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம். பொடி எழுத்து என்று தள்ளிவிட்ட அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. அட்டையை வெட்டிப் போடுவதால் பழைய பாக்கி அழியாது. இரத்துச் செய்யும்படி எழுத்தில் கேட்டு, இனிமேல் ஏறுவதையாவது நிறுத்தலாம்.

நம்பிக்கை: அவர் வங்குரோத்தானால் பிணை நின்றவரும் தப்பினார்.

நேர்மாறு. தனியாள் வங்குரோத்துக்கு நம்மிடம் இருப்பது கடனட்டை என்ற பேச்சே இல்லாத காலத்து 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். மாவட்ட நீதிமன்றத்தில் விடுவிப்புக் கிடைத்தாலும் அது கடனாளிக்கு மட்டுமே. பிணையாளரை வங்கி அதற்குப் பிறகும் தேடி வரலாம்.

நம்பிக்கை: கணவன் கடன், மனைவி கடன்.

பொதுச் சட்டத்தின் கீழ் வாழும் மலையகக் குடும்பங்களுக்கு இது பொருந்தாது. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி மனைவியின் சொத்து அவருடையதே. தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட யாழ்ப்பாணத்துக் குடும்பம் கண்டியில் குடியிருந்தால் கணக்கு வேறு. மணவாழ்வில் தேடிய சொத்தான தேடியதேட்டத்தைக் கணவனின் கடன் தொடலாம். அவர்கள் சட்டத்தரணியைப் பார்ப்பதே நல்லது.

கடன் அறவிடும் பிரிவிலிருந்து அழைப்பு வந்தால், உங்கள் கையெழுத்துள்ள பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். மானத்துக்குப் பயந்து “மாதாமாதம் நான் கட்டுகிறேன்” என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அதுவரை இல்லாத பொறுப்பு அந்தக் கடிதத்தால் வந்து சேரலாம். எங்காவது பிணை நின்றது நினைவில்லையென்றால், ‘கிரிப்’ எனப்படும் கொடுகடன் தகவல் பணியகத்திடம் உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கலாம். வங்கிக் கடன்களுக்குப் பிணையாக நின்ற விபரமும் அதில் வரும்.